பிரோடர் எப்போது விலகியிருக்க வேண்டும்?

கேள்வி இது: 2012-ல், 40 வயதில், நியூ ஜெர்சி டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி அணியை, வட அமெரிக்க லீகான என்.எச்.எல்.-லின் ஸ்டான்லி கோப்பை ஃபைனல் வரை கொண்டுபோனவர் கோலி (கோல்கீப்பர்) மார்ட்டின் பிரோடர். அடுத்த இரண்டே சீசனில் ஏன் அப்படிச் சரிந்தார்? அந்த ஃபைனலோடு விலகியிருந்தால் கௌரவமாக இருந்திருக்காதா? இன்றைக்கு 37, 38 வயதில் தடுமாறும் ஒரு நட்சத்திர கோலியைப் பார்க்கும்போது, இனி அவ்வளவுதான் என்று எதை வைத்துச் சொல்வது?

நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் அவர் போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வருடம் அவருக்கும் அணிக்கும் தேவைப்பட்டது ஓய்வு அறிவிப்பு அல்ல, கூட ஆட ஒரு நல்ல இரண்டாவது கோலி. அது ஒரு வருடம் தாமதமாக வந்தது. வந்தபோது பிரோடரால் அதை முழு மனதோடு ஏற்க முடியவில்லை. பெரிய கோலிகளின் கடைசிக் காலம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது: உடம்பு ஒத்துழைக்கிறதா என்பதைவிட, பெஞ்சில் உட்கார மனம் ஒப்புகிறதா என்பதில்.

அப்புறம், 'இரண்டே சீசனில்' என்பதும் சரியில்லை. சரிவு 2010-11-லேயே தெரிந்தது. அதற்கு முந்தைய சீசனில், 37 வயதில், பிரோடர் 77 ஆட்டம் ஆடி 45 வெற்றி, 9 ஷட் அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) எடுத்திருந்தார். அந்த டிசம்பரில்தான் டெர்ரி சாச்சக்கின் 103 ஷட் அவுட் சாதனையைத் தாண்டினார். அடுத்த வருடம் 56 ஆட்டம், 23 வெற்றி, 26 தோல்வி, சேவ் சதவீதம் (வந்த ஷாட்களில் தடுத்தவை) 90.3. என்.எச்.எல். சராசரி அப்போது 91-க்கு மேல். 2011-12-ல் பிரோடரின் எண் 90.8 ஆனது, அதுவும் சராசரிக்குக் கீழேதான். ஆனால் அந்த வருட பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) 24 ஆட்டத்தில் 91.7 வந்தது. புளோரிடாவை ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது ஓவர்டைமில் வென்றார்கள், அரையிறுதியில் நியூயார்க் ரேஞ்சர்ஸை வென்றார்கள், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு எதிரான ஃபைனலில் 3-0 என்று பின்தங்கி இரண்டு ஆட்டத்தை மீட்டார்கள். ஆறாவது ஆட்டத்தில் தோற்றபோது யாருக்கும் முந்தைய இரண்டு வருடக் கணக்கு ஞாபகமில்லை. பிளேஆஃப் நினைவில் நிற்கும், சீசன் நிற்காது.

அவர் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிந்திருந்தது. இரண்டு வருடம், 90 லட்சம் டாலர் என்று புதிதாகக் கையெழுத்திட்டார். ஃபைனல் ஆடிவிட்டு வந்த மனிதரிடம் போதும் என்று யார் சொல்வது? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும். 2012-13 லாக்அவுட்டால் (உரிமையாளர்கள், ஆட்டக்காரர்கள் இடையிலான ஒப்பந்தத் தகராறு) 48 ஆட்டமாகச் சுருங்கிய சீசன். பிரோடர் 29 ஆட்டம் ஆடினார். ஒரு முழு ஆட்டத்துக்கு அவர் விட்ட கோல் சராசரி 2.22. இதை மட்டும் பார்த்தால் அபாரம். ஆனால் சேவ் சதவீதம் 90.1. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும்? வகுத்துப் பாருங்கள்: அவர் மேல் வந்த ஷாட்கள் ஒரு ஆட்டத்துக்கு 22, 23தான். மற்ற அணிகளின் கோலிகள் 28, 30 ஷாட் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டெவில்ஸ் அணி எதிரணிக்குப் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) கொடுக்காமல் வைத்துக்கொள்வதில் கெட்டி. அந்தப் பழக்கம் அவருடைய வயதை மூடி வைத்தது. வந்த ஷாட்களில் சராசரி கோலி தடுப்பதைவிடக் குறைவாகத்தான் அவர் தடுத்தார். வந்ததே குறைவு என்பதால் ஸ்கோர் போர்டில் தெரியவில்லை.

டொமினிக் ஹாசெக்குக்கும் இதேதான் நடந்தது. 2007-08-ல் டெட்ராய்ட்டில் அவருக்கு 27 வெற்றி, 10 தோல்வி, கோல் சராசரி 2.14, சேவ் சதவீதம் மட்டும் 90.2. பிளேஆஃப் முதல் சுற்றில், நாஷ்வில்லுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தின் நடுவில் அவரை வெளியே எடுத்துவிட்டு கிறிஸ் ஆஸ்குட்டை இறக்கினார்கள். மீதிப் பிளேஆஃப் முழுக்க ஆஸ்குட்டே ஆடினார், டெட்ராய்ட் கோப்பையை வென்றது. ஆறு முறை சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கியவர், இரண்டு முறை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை வாங்கிய ஒரே கோலி, பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தார். நல்ல அணியின் முன்னால் நிற்கும் வயதான கோலியை வெற்றி எண்ணிக்கையை வைத்து எடைபோடவே கூடாது.

சரி, உடம்பில் உண்மையில் என்னதான் போகிறது? 'ரிஃப்ளெக்ஸ் போய்விட்டது' என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மீட்டர் தூரத்திலிருந்து வரும் பக், கோலைத் தொட 0.15 வினாடிகூட எடுக்காது. மனிதக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை நகர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். அதாவது அருகிலிருந்து வரும் ஷாட்டை 20 வயதுக்காரனும் பார்த்துத் தடுப்பதில்லை. அடிப்பவனின் கை, தோள், ஸ்டிக் வளையும் விதம் இவற்றைப் படித்து, அடிக்கும் முன்பே சரியான இடத்தில் நிற்பதால்தான் தடுக்கிறான். இந்தப் படிப்பு வயதோடு கூடத்தான் செய்யும். அதனால்தான் டிம் தாமஸ் 2011-ல் 37 வயதில் பாஸ்டனுக்காக வெசினாவும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சேர்த்து வாங்க முடிந்தது.

போவது இரண்டாவது அசைவு. முதல் ஷாட்டைத் தடுத்தாயிற்று. பக் முன்னால் விழுந்து கிடக்கிறது. மண்டியிட்ட நிலையிலிருந்து ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கோலின் மறு கம்பம் வரை தள்ளிப் போக வேண்டும். கோலின் அகலம் ஆறடி. இளம் கோலி அதை ஒரே உந்தலில் முடிப்பார். வயதானவர் முக்கால் தூரம் போவார், பக் மீதிக் கால்வாசிக்குள் புகுந்துவிடும். டிவியில் பார்ப்பவருக்கு அது 'தடுக்க முடியாத கோல்' மாதிரித் தெரியும். பத்து வருடம் முன்பு இதே மனிதர் இதைத் தடுத்திருப்பார் என்பது அவரை நெடுநாள் பார்த்தவருக்குத்தான் உறைக்கும். கோலியின் வீழ்ச்சி அவர் செய்யும் தவறுகளில் தெரிவதைவிட, அவர் செய்யாமல் விடும் அற்புதங்களில்தான் முதலில் தெரிகிறது.

இதில் இடுப்புமூட்டுதான் முக்கியமான இடம். இன்றைய கோலிகள் கிட்டத்தட்ட எல்லோருமே பட்டர்ஃபிளை முறையில் ஆடுபவர்கள்: முழங்கால் இரண்டையும் பனியில் போட்டு, கீழ்க்கால்களை இரண்டு பக்கமும் விரிப்பது. தொடை எலும்பு உட்புறமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால் மூட்டின் விளிம்பு தேயும், கிழியும். பயிற்சியையும் சேர்த்தால் ஒரு சீசனில் இது எத்தனை ஆயிரம் முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராபர்ட்டோ லுவாங்கோ 2019-ல் 40 வயதில் விலகியதற்கு இடுப்புதான் பெரிய காரணம்.

பிரோடர் முழு பட்டர்ஃபிளை கோலி அல்ல. பாதி நேரம் நின்றே ஆடுவார், பழைய பாணியில் இரண்டு கால் பேடையும் அடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சரிவார், ஸ்டிக்கால் குத்திப் பறிப்பார். வெளியே வந்து பக்கை எடுத்துக் கொடுப்பதில் மூன்றாவது டிஃபென்ஸ்காரர் மாதிரி. 2005-ல் கோலிகள் கோலுக்குப் பின்னால் குறிப்பிட்ட கட்டத்துக்குள் மட்டும்தான் பக்கைத் தொடலாம் என்று விதி கொண்டுவந்தபோது அதைப் 'பிரோடர் விதி' என்றே அழைத்தார்கள். இந்தப் பாணிதான் பத்து சீசன் தொடர்ந்து 70 ஆட்டமோ அதற்கு மேலோ ஆடியும் இடுப்பு தாங்கியதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. அதே பாணிதான் கடைசியில் அவருக்கு எதிராகவும் போனது. கால் பேடின் அகலம் குறைந்தது, அடி கூர்மையானது, குறுக்கே பாஸ் செய்து அடிப்பது பெருகியது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் நின்று கணித்து ஆடுபவருக்கு, கணிப்பு ஒரு முறை தப்பினால் மீள்வதற்குக் கால்பலம் வேண்டும். 41 வயதில் அது எங்கிருந்து வரும்?

2013 ஜூன் 30-க்கு வருவோம். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அந்த வருடம் டெவில்ஸின் சொந்த அரங்கத்தில், நியூவார்க்கில் நடந்தது. ஒன்பதாவது தேர்வை வான்கூவருக்குக் கொடுத்து, 27 வயது கோரி ஷ்னைடரை வாங்கியதாக அறிவித்தார்கள். பல வருடமாக அடுத்த கோலி யார் என்று ஏங்கிய ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அதே நாளில், ஏழாவது சுற்றில், டெவில்ஸ் தேர்ந்தெடுத்த கோலி பிரோடரின் மகன் ஆன்டனி. பெயரை மேடையேறி அறிவித்தவர் பிரோடரே. தன் இடத்துக்கு ஆள் வந்த அதே நாளில், அதே கட்டடத்தில். இதைவிட விசித்திரமான ஒரு நாள் ஒரு ஆட்டக்காரருக்கு அமையுமா தெரியவில்லை.

அடுத்த சீசன் இருவரும் பகிர்ந்து ஆடினார்கள். ஷ்னைடர் 45 ஆட்டம், 92.1 சதவீதம், கோல் சராசரி 1.97. பிரோடர் 39 ஆட்டம், 90.1, 2.51. ஆனால் வெற்றிகளைப் பாருங்கள்: ஷ்னைடருக்கு 16, பிரோடருக்கு 19! அவர் ஆடிய ஆட்டங்களில் அணி அதிக கோல் அடித்தது, அவ்வளவுதான். ஆனால் 600-க்கு மேல் வென்ற மனிதர் ஒவ்வொரு காலையும் செய்தித்தாளில் பார்ப்பது அந்த 19-ஐத்தான். 'நான் வென்றுகொண்டுதானே இருக்கிறேன்' என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை. பயிற்சியாளர் பீட் டிபோருக்கும் அதுதான் சிக்கல். அந்த ஜனவரியில் யாங்கி ஸ்டேடியத்தில் திறந்தவெளியில் ரேஞ்சர்ஸோடு ஆட்டம். பெரிய மேடை என்பதால் பிரோடரை நிறுத்தினார்கள். முதல் இரண்டு பீரியடில் ஆறு கோல் விட்டார். மூன்றாவதில் ஷ்னைடர் இறங்கினார். டெவில்ஸ் அந்த வருடம் பிளேஆஃபுக்குப் போகவில்லை. சமநிலை ஆட்டத்தை முடிவுசெய்யும் ஷூட் அவுட் 13 ஆடி 13-லும் தோற்ற அணி என்பதால் எல்லாப் பழியையும் பிரோடர் தலையில் போடவும் முடியாது. ஆனால் 39 ஆட்டம் என்பது 25 ஆக இருந்திருந்தால்? எனக்கு அதில்தான் வருத்தம்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கோலிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வயதான ஃபார்வர்டு முதல் வரிசையிலிருந்து மூன்றாவதுக்கு, நான்காவதுக்கு இறங்கலாம். இருபது நிமிடம் ஆடியவர் பத்து நிமிடம் ஆடுவார், எல்லா ஆட்டத்திலும் இருப்பார். கோலிக்கு அப்படி ஒரு படிக்கட்டு இல்லை. ஆடினால் அறுபது நிமிடம், இல்லையென்றால் பெஞ்சில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பதினைந்து வருடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடி, அந்தத் தாளத்திலேயே உடம்பையும் மனதையும் வைத்திருந்தவருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை ஆடுவது வேறொரு வேலை.

2012 பிளேஆஃபில் ஆடிய மூன்று கோலிகளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அரையிறுதியில் பிரோடரிடம் தோற்றவர் ரேஞ்சர்ஸின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அந்த வருடத்தின் வெசினா அவருக்குத்தான். ஃபைனலில் வென்றவர் கிங்ஸின் ஜானதன் குயிக். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர்.

லுண்ட்க்விஸ்ட் 459 வெற்றிகளையும் ரேஞ்சர்ஸுக்காக மட்டுமே எடுத்தார். 2018 பிப்ரவரியில் அணி, பழைய முகங்களை விற்று இளைஞர்களை வைத்துக் கட்டப்போகிறோம் என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது. அவர் போக மறுத்து அங்கேயே இருந்தார். 2020 ஜனவரியில் இகோர் ஷெஸ்டர்கின் வந்தார். சில வாரங்களில் கோல் அவருடையதாயிற்று. அந்தச் செப்டம்பரில் மீதமிருந்த ஒரு வருட ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது அணி. வாஷிங்டனில் 15 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார், பேக்கப் (இரண்டாவது கோலி) வேலையை ஏற்கத் தயாராகத்தான் போனார். பரிசோதனையில் இதயத்தில் பிரச்சினை தெரிந்து, 2021 ஜனவரியில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வாஷிங்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அந்த ஆகஸ்டில் ஓய்வு. அவருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

குயிக்கின் கதை நேர் எதிர். 2022-23-ல் கிங்ஸில் அவருடைய சேவ் சதவீதம் 87.6. யாரைக் கேட்டாலும் முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவரை 2023 மார்ச்சில் கொலம்பஸுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேகாஸுக்குப் போனார். வேகாஸ் கோப்பையை வென்றதால் மூன்றாவது கோப்பை பேக்கப்பாகவே கையில் வந்தது. பிறகு 8,25,000 டாலருக்கு ரேஞ்சர்ஸில் ஷெஸ்டர்கினுக்குப் பின்னால் உட்கார ஒப்புக்கொண்டார். 2023-24-ல் 27 ஆட்டம், 18 வெற்றி, 91.1 சதவீதம். அதே 37, 38 வயது உடம்புதான். ஆட்டத்தைக் குறைத்தார்கள், இடையில் மூட்டுகளுக்கு ஓய்வு கிடைத்தது, முன்னால் நல்ல அணி இருந்தது. 2025-ல் 400 வெற்றி எடுத்த முதல் அமெரிக்கக் கோலியும் ஆனார். முடிந்துவிட்டவர் என்பதற்கும் 60 ஆட்டம் ஆட முடியாதவர் என்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டொரான்டோ கடைசியாகக் கோப்பை வென்ற 1967-ல் கோலிகள் 42 வயது ஜானி பவரும் 37 வயது டெர்ரி சாச்சக்கும். மாறி மாறி ஆடினார்கள்.

ஓய்வு முடிவில் பணமும் இருக்கிறது. என்.எச்.எல்.-லில் 35 வயதுக்குப் பிறகு பல வருட ஒப்பந்தம் போட்டால், ஆட்டக்காரர் நடுவில் ஓய்வு பெற்றாலும் அந்தத் தொகை அணியின் சம்பள உச்சவரம்பில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். அதனால் அணிக்கும் அவர் சீக்கிரம் போவதில் லாபமில்லை. காயமென்றால் கதை வேறு. மான்ட்ரியாலின் கேரி பிரைஸ் 2021-ல் அணியை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடுத்த சீசனில் ஐந்து ஆட்டம் மட்டும் ஆடினார். ஓய்வு என்று அறிவிக்காமல், நீண்டநாள் காயப் பட்டியலில் வருடக்கணக்கில் இருந்தார். அறிவித்திருந்தால் மீதிச் சம்பளம் போயிருக்கும். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வது அநியாயம். உடம்பைக் கொடுத்து வாங்கிய ஒப்பந்தம் அது.

இன்னொரு பெரிய கோலி பாட்ரிக் ராய் மாதிரிப் போகலாமே என்பீர்கள். 2003-ல் 37 வயதில், 35 வெற்றியும் 92 சதவீதமும் எடுத்த சீசனின் முடிவில், மினசோட்டாவிடம் ஏழாவது ஆட்டத்தில் ஓவர்டைமில் தோற்றுவிட்டு, அடுத்த மாதமே விலகினார். அழகுதான். ஆனால் அது அவருடைய குணம். எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஹாசெக் 2008-ல் ஓய்வு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, 2010-ல் 45 வயதில் பார்துபிட்சே அணியோடு செக் லீகை வென்றார். அவர் அப்படிச் செய்ததால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிரோடரும் 2014 டிசம்பரில், பிரையன் எலியட் காயப்பட்டதால், செயின்ட் லூயிஸ் ப்ளூஸில் சேர்ந்தார். நீல உடையில் ஏழு ஆட்டம், மூன்று வெற்றி. அவற்றில் ஒன்று கொலராடோவுக்கு எதிரான 3-0. 125-வது, கடைசி ஷட் அவுட். எதிர் பெஞ்சில் பயிற்சியாளராக நின்றவர் பாட்ரிக் ராய், 551 வெற்றி சாதனையை 2009-ல் பிரோடரிடம் இழந்த அதே ராய். ஜனவரி இறுதியில் பிரோடர் விலகினார். அந்த ஏழு ஆட்டம் பார்க்கக் கஷ்டமாக இருந்தது என்கிறார்கள். டெவில்ஸில் 1,259 ஆட்டம் ஆடியவருக்கு ஏழு ஆட்டத்தால் என்ன குறைந்துவிடும்? 2016-ல் அவருடைய 30-ஆம் எண்ணை டெவில்ஸ் ஓய்வுபெற வைத்தபோதும், 2018-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதும் யாரும் செயின்ட் லூயிஸைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஷ்னைடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த பத்து வருடத்துக்கு என்று வாங்கப்பட்டவர் 2017 டிசம்பர் முதல் 2019 பிப்ரவரி வரை சீசன் ஆட்டம் ஒன்றைக்கூட வெல்லவில்லை. நடுவில் இடுப்பு அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு 32 வயது. அதனால் 37, 38 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்தக் கோலியையும் முடித்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு: ஒரு சீசன் சேவ் சதவீதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். 2015 வாக்கில் லீக் சராசரி 91.5 இருந்தது, 2024-25-ல் 90-ஐ ஒட்டி வந்துவிட்டது. பிரோடரை வீழ்த்திய அந்த 90.1 இன்றைக்குச் சராசரி. எந்த இடத்திலிருந்து வந்த ஷாட் என்று எடைபோட்டு, எதிர்பார்த்ததைவிட எத்தனை கோல் தடுத்தார் என்று சொல்லும் கணக்குகள் இப்போது கிடைக்கின்றன. இரண்டு, மூன்று சீசனுக்குச் சேர்த்துப் பாருங்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவது நாள் எப்படி ஆடுகிறார், முதல் ஷாட்டைத் தடுத்த பிறகு எழுந்து மறு கம்பத்துக்குப் போய்ச் சேர்கிறாரா என்றும் கவனியுங்கள். ஓய்வு அறிவிப்பு வருமா என்று தெரிந்துகொள்ள அவருடைய பேட்டிகள் உதவாது, எல்லோரும் 'இன்னும் ஆசை இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். கோடையில் அணி யாரை, எத்தனை வருடத்துக்கு, என்ன விலையில் இரண்டாவது கோலியாக எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் 35 வயதுக்காரர் வந்தால் உங்கள் நட்சத்திரத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. 26 வயதுக்காரர் ஐந்து வருடத்துக்கு வந்தால், அணியின் பக்கம் முடிவு எடுத்தாயிற்று. 25 ஆட்டத்துக்குச் சம்மதமா என்பதுதான் அவரிடம் பாக்கி இருக்கும் கேள்வி.